தரிசில் போட்ட சுண்ணாம்புக் கோடு

நேமத்தான்பட்டி
12.5.2024

சின்னத்தாயி அக்காவுக்குத் தம்பி முத்தரசு எழுதுவது. இங்கே நானும் பாண்டீஸ்வரியும் மாடு கன்றுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கு ஆபரேஷன் செய்த வயிறு ஆறிவிட்டதா? விடுதிச் சமையலுக்கு மறுபடி போகிறாயா? காது மெஷின் இரைகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டாயாம், பாண்டீஸ்வரி சொன்னாள். போனில் நான் கத்துவது ஊர் முழுக்கக் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

உனக்குத் துணையாக மதுரையில் வந்து இருந்துவிட்டு வந்தாளே பாண்டீஸ்வரி, அன்றிலிருந்து ஆள் சரியில்லை. விடிந்தும் விடியாமல் எழுந்து போகிறாள். "எங்க போற?" என்றால் "தரிசுப் பக்கம்" என்கிறாள். நம் கண்மாய்க்கரைத் தரிசில் கருவேல முள்ளையும் ஓணானையும் தவிர என்ன இருக்கிறது? பின்னால் போய்ப் பார்க்கலாமென்றால் அந்த நேரத்தில்தான் பால் வண்டி வருகிறது. கறவையை விட்டுவிட்டு நான் எங்கே போவது? அது தெரிந்துதான் அந்த நேரத்தைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் வண்டிக்காரனும் நல்லவன் இல்லை. கேனை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்க்கிறான். நியாயமாக அளக்கிறவன் ஏன் ஆகாயத்தைப் பார்க்க வேண்டும்? அது கிடக்கட்டும். இவள் வீட்டுக்கு வந்ததும் வலது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள். களை பறித்தால் இடுப்பு வலிக்கும். தோள் எதற்கு வலிக்கிறது? மதுரையில் அவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள், உனக்குத் தெரிந்ததை எழுது.

வெயிலில் அலையாதே. மோரைக் குடி.
உன் தம்பி
முத்தரசு

மதுரை
28.5.2024

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வயிறு பரவாயில்லை. காரம் சேர்ப்பதில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கு லீவு, ஆனாலும் கொஞ்சப் பேர் பயிற்சிக்கு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆக்கிப் போடுகிறேன்.

பாண்டீஸ்வரி இங்கே என்னைப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். காலையில் காற்றாட நடக்கிறாளாக்கும். நடந்தால் உடம்புக்கு நல்லது. நீ அவளை ஒன்றும் கேட்காதே. மயிலைப் பசு சினை நின்றதா?

அக்கா
சின்னத்தாயி

நேமத்தான்பட்டி
10.6.2024

அக்காவுக்கு, முத்தரசு. எல்லோரும் சௌக்கியம். மயிலை சினை நின்றுவிட்டது. நீ காரம் சேர்க்காமல் இருப்பது சந்தோஷம்.

"ஒன்றும் கேட்காதே" என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு வரியை மட்டும் பல தடவை படித்தேன். கேட்க ஒன்றும் இல்லையென்றால் கேட்காதே என்று ஏன் எழுதுகிறாய்?

நேற்று பால் வண்டி வரவில்லை. வண்டிக்காரன் மச்சினனுக்குக் கண்டனூரில் கல்யாணமாம். பெரிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்களாம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டை இரண்டு நாளைக்குத் திறந்து வெளவாலை விரட்டிச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்கும் பத்திரிகை வைத்தான், நான் போகவில்லை. சும்மாவா வைத்திருப்பான்? சொல்ல வந்தது வேறு. வண்டி வராததால் தரிசுக்குப் போனேன். அவள் அதற்குள் திரும்பி எதிரே வந்துவிட்டாள். "என்ன இங்குட்டு?" என்றாள். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

அக்கா, தரிசில் முள்ளெல்லாம் வெட்டிக் கூட்டிச் சுத்தமாகக் கிடக்கிறது. மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. இரண்டு கோடு ஓரிடத்தில் தொடங்கி, கண்மாய்ப் பக்கம் போகப் போக விரிகிறது. கோட்டுக்கு நடுவில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி குழிகள். அங்கங்கே குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. காரைக்குடி ரோட்டில் பிளாட் போடுகிறவன் இப்படித்தான் தொடங்குவான், நான் பார்த்திருக்கிறேன். முதலில் முள்ளை வெட்டுவான், அப்புறம் கோடு போடுவான், அப்புறம் கொடி நடுவான், அப்புறம் நம் நிலத்துக்கு ஏதாவதொரு நகர் என்று பெயர் வைத்துவிடுவான்.

அந்தத் தரிசு எனக்கும் சித்தப்பா மகன் அருள்பாண்டிக்கும் கூட்டுப் பட்டா என்பது உனக்குத் தெரியும். கிணற்று முறைச் சண்டையில் அவனோடு பேச்சு நின்றது. இந்த வேலை அவனைத் தவிர வேறு யாருக்கு வரும்? நான் திரும்பும்போது அவன் மோட்டார் ரூமிலிருந்து அவன் பெண்டாட்டி ரேணுகா வந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் சுருட்டி வைத்திருந்த அளவு டேப்பைச் சேலைக்குள் மறைத்தாள். என் வீட்டுக்காரி விடியலில் அந்தப் பக்கம்தான் போகிறாள். நான் வேறென்ன நினைப்பது?

உடனே பதில் எழுது.
முத்தரசு

நேமத்தான்பட்டி
9.7.2024

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று விடுதிக்குப் போன் போட்டேன். வாட்ச்மேன் எடுத்து, "அம்மா ஜோரா இருக்காங்களே, நேத்து ஆப்பம் சுட்டாங்க" என்றார். ஆப்பம் சுடுகிற கைக்கு ஒரு கடுதாசி எழுத நேரமில்லை.

போன வாரம் பீரோவில் மாட்டு இன்ஷூரன்ஸ் காகிதம் தேடினேன். பாண்டீஸ்வரியின் ஆதார் அட்டை வைத்த இடத்தில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் இருக்கிறது. மறுநாள் அவள் கைப்பையில் போட்டோக்கடைக் கவர். சின்ன போட்டோ, இப்போதுதான் எடுத்தது, தலையை வாரி நேராகப் பார்த்துக்கொண்டு. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "ரேஷன் கார்டுக்கு" என்றாள். ரேஷன் கடைக்காரரிடம் விசாரித்தேன். போட்டோ யாரும் கேட்கவில்லையாம்.

பத்திரப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரிடம் ஆதார் வாங்குவார்கள் என்று பள்ளத்தூரில் பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் காலத்தில் கூடப் பிறந்த பெண்ணின் கையெழுத்து இல்லாமல் பூர்வீக நிலத்தை விற்கவும் முடியாதாம், பிரிக்கவும் முடியாதாம். அதைக் கேட்டுவிட்டு ஆலமரத்து நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் இரண்டு போய்விட்டது.

அக்கா, நேராகவே கேட்கிறேன். அருள்பாண்டி உன்னிடம் வந்தானா? நீ எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? பாண்டீஸ்வரி மதுரைக்கு வந்தது உன் வயிற்றைப் பார்க்கத்தானா?

மயிலை இரை எடுக்கவில்லை. இப்போது தேவலை.
முத்தரசு

மதுரை
20.7.2024

முத்தரசுக்கு,

நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. என் பிள்ளைகள் மேல் ஆணை. அருள்பாண்டியை நான் கண்ணில் பார்த்தே வருஷக்கணக்காகிறது. நிலத்துக்கு ஒன்றும் இல்லை.

பதில் எழுதாதது தப்புத்தான். எழுத உட்கார்ந்தால் எதை எழுதுவது என்று தெரியவில்லை. ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள். அதுவரை அந்தத் தரிசில் கைவைக்காதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மயிலைக்கு ஓமம் இடித்துக் கொடு.
சின்னத்தாயி

நேமத்தான்பட்டி
11.8.2024

அக்காவுக்கு,

மயிலை நன்றாக இருக்கிறது. ஓமம் கொடுத்தேன்.

எட்டாம் தேதி என்று நாள் குறித்து எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பத்திர ஆபீஸ் கிடையாது என்பதுகூட எனக்குத் தெரியும். அப்படியானால் முன்பணம் கைமாறுகிற நாளாக இருக்கும், இல்லையென்றால் பூமி பூஜையாக இருக்கும். தரிசில் கைவைக்காதே என்று நீ எழுதியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு இங்கே ஒரு மழை பெய்தது. கண்மாயில் கால் நனைகிற தண்ணீர்கூட நிற்கவில்லை, ஆனாலும் மண் இளகிவிட்டது. முத்துக்கருப்பனின் டிராக்டரைக் கூப்பிட்டேன். அவன் ஒரு ஆள். டீசல் எவ்வளவு குடிக்கிறதென்று நான் பார்த்துக்கொண்டே இருந்தால் அவனுக்கு உழவு ஓடாது. "நீங்க போயி நெழல்ல ஒக்காருங்கண்ணே" என்பான். நான் உட்காரவில்லை. கோடும் குழியும் கொடியும் இருந்த இடம் தெரியாமல் கொத்துக் கலப்பையால் ஆழமாக உழுது போட்டேன். பெரிய பெரிய கட்டியாகப் புரண்டு கிடக்கிறது. இனி அதில் எவனும் நூல் பிடிக்க முடியாது. தரிசுக்குள் நுழைகிற வழியில் கருவேல முள்ளை வெட்டி அடைத்தேன்.

மறுநாள் விடியலில் பாண்டீஸ்வரி போனவள் உடனே திரும்பி வந்தாள். நான் கறந்துகொண்டிருந்தேன். தொழுவத்து வாசலில் நின்று, "உழுதுட்டீகளா" என்றாள். ஆமாம் என்றேன். சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். அன்றிலிருந்து விடியலில் எழுந்திருக்கவில்லை. தோளுக்கு எண்ணெயும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், கூப்பிட்டால் வருகிறாள். எனக்கு என்னவோ வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது.

ஜெயித்தது நான்தான்.
முத்தரசு

மதுரை
14.8.2024

முத்தரசுக்கு,

படுபாவி, என்ன காரியம் செய்தாய்.

கேட்காதே என்று நான் எழுதியது தப்பு. இந்தக் காகிதம் கைக்கு வந்ததும் போய் அவளைக் கேள். எங்கே போனாய் என்று கேட்காதே. யாரோடு என்றும் கேட்காதே. என்ன செய்கிறாய் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு.

சின்னத்தாயி

நேமத்தான்பட்டி
19.8.2024

அக்காவுக்கு,

நீ சொன்னபடி கேட்டேன். அவள் மாவுச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "ஈட்டி எறியிறேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. ஐயனார் கோயிலில் வைத்திருப்பார்களே, அந்த ஈட்டியா என்றேன். கையைத் துடைத்துவிட்டு "வாங்க" என்று கூட்டிப் போனாள். போனது அருள்பாண்டியின் மோட்டார் ரூமுக்கு. அந்தப் படியை நான் மிதித்து எவ்வளவு காலமாயிற்று. ரேணுகா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அருள்பாண்டியும் வரப்பில் நின்றான். உள்ளே மூலையில் பழைய துணி சுற்றி வைத்திருந்தது அந்தச் சாமான். மூங்கில் கம்பைவிட நீளம், தூக்கினால் கனமே இல்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மதினி ஆஸ்பத்திரியில இருந்து வந்து தூங்குற நேரத்துல விடுதி கிரவுண்டுல போயி நிப்பேன். ஒரு பிள்ளை 'நீங்களும் எறிஞ்சு பாருங்கக்கா'ன்னு குடுத்துச்சு. எறிஞ்சேன். அது போயி மண்ணுல குத்தி நின்னு ஆடுச்சு. அதைப் பார்த்ததுக்கு அப்பறம் எனக்கு வேற எதுவும் பெருசாத் தெரியல. இத்தனை வயசுக்கு எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணினதே இதுதான்."

அந்த விளையாட்டு விடுதிப் பிள்ளைகளே சொல்லிக் கொடுத்தார்களாம். விடுதியில் கழித்துப் போட்ட ஈட்டியைக் கொடுத்து விட்டார்களாம். இங்கே ரேணுகா போனில் படம் பிடித்து அனுப்புவாளாம், கையை இப்படித் தூக்கு, காலை அப்படி வை என்று அங்கிருந்து அந்தப் பிள்ளைகள் சொல்லுமாம். செப்டம்பர் எட்டாம் தேதி சிவகங்கையில் மூத்தோர் தடகளப் போட்டியாம், இவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவாம். அதில் தேறினால் மாநிலப் போட்டியாம். ஆதாரும் போட்டோவும் அதற்குத்தான். விரிந்து போன கோடு ஈட்டி விழவேண்டிய எல்லை. குழி, அது குத்திய இடம். கொடி, எவ்வளவு தூரம் போயிற்று என்று வைத்த அடையாளம். நான் அதில் ஒரு நகரே கட்டி முடித்துவிட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க என்ன கேப்பீக? 'எவன் சொல்லிக் குடுத்தான்'னு கேப்பீக."

அக்கா, பொய் எழுதக்கூடாது. அந்தக் கேள்வி அந்த நேரத்திலேயே என் வாய்க்குள் இருந்தது. முழுங்கினேன்.

வரப்பிலிருந்து அருள்பாண்டி, "ஊருக்கே தெரியும்ணே. ஒங்களுக்கு யாரு சொல்றது? சொன்னவன் எதுக்குச் சொன்னான்னு அதையும் ஆராய்வீக" என்றான். அவன் சிரித்திருந்தால் அடித்திருப்பேன். சிரிக்கவில்லை.

உனக்கும் தெரியும். என் கூடப் பிறந்த நீயும் மறைத்தாய். அதற்கு மட்டும் பதில் எழுது.
முத்தரசு

மதுரை
24.8.2024

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்கிறாய். கல்யாணமான புதிதில் பாண்டீஸ்வரி சைக்கிள் பழகினாள். பின்னால் பிடித்தது யார் என்று கேட்டாய். அன்றோடு சைக்கிளை விட்டாள். மகளிர் குழுவில் தலைவியாகப் போட்டார்கள். எதற்கு உன்னைப் போட்டார்கள் என்று கேட்டாய். அதையும் விட்டாள். நீ அடிக்கவில்லை, வையவில்லை, போகாதே என்றுகூடச் சொன்னதில்லை. ஒரு கேள்விதான் கேட்பாய். அப்புறம் அவள் அதைச் செய்யமாட்டாள்.

"இதை மட்டும் விடமாட்டேன் மதினி, அவுக கேக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டியில எறிஞ்சுரணும்" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்குத்தான் வாக்குக் கொடுத்தேன்.

உன் வருத்தம் இருக்கட்டும். எட்டாம் தேதி அவள் சிவகங்கைக்குப் போவாளா, மாட்டாளா? அதை எழுது.

சின்னத்தாயி

நேமத்தான்பட்டி
11.9.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உன் காகிதம் வந்த அன்றே முள்ளை எடுத்தேன். உழுத கட்டியை உடைப்பது லேசான வேலை இல்லை. தண்ணீர் தெளித்து, கட்டி தட்டி, மாட்டைப் பூட்டிப் பரம்படித்துச் சமப்படுத்தினேன். காளை ஒன்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. விதைக்காத நிலத்துக்கு எதற்குப் பரம்பு என்று அதற்கும் சந்தேகம். அருள்பாண்டி தன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் வந்து பரம்புப் பலகையில் ஏறி நின்றான், கனத்துக்கு. அவன் பலகையில் நிற்க நான் மாட்டை ஓட்டினேன். பேச்சு இன்னும் இல்லை.

தரையை எவ்வளவு இறுக்கியும் பாண்டீஸ்வரி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதிலும் ஏதோ இருக்கிறதென்று நினைப்பாள். என்னோடு இருந்து அவளுக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்குமே. சுண்ணாம்பை மட்டும் கரைத்து வைத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் விடியலில் பால் கறக்கும்போது நடைக் கதவுச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் துடித்தது. கறந்துகொண்டே இருந்தேன். அன்றைக்குப் பால் வண்டிக்காரன், "என்னண்ணே, சிரிக்கிறீக?" என்று கேட்டான். அவனுக்கு எதற்கு அது?

எட்டாம் தேதி போனோம். ரேணுகாவும் வந்தாள். மைதானத்தில் தலை நரைத்தவர்களெல்லாம் பனியன் போட்டு ஓடுகிறார்கள். ஒரு வாத்தியார் குண்டு எறிந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டீஸ்வரி சேலைக்குப் பதில் டிராக் பேன்ட் போட்டிருந்தாள். யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் காலை அவரவர் நீவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எறிந்ததை அளந்தபோது டேப் தொய்ந்து கிடந்தது போல எனக்குப் பட்டது. கயிற்றைத் தாண்டிப் போய் அந்த ஆபீசரிடம் சொன்னேன். அவர் என்னை மரத்தடியில் போய் உட்காரச் சொன்னார். தேவகோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் முதலாவது வந்தார். பாண்டீஸ்வரி இரண்டாவது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்காது, ஆதாரைப் பார்க்கச் சொல்லலாம் என்றேன். "சும்மா இருங்க. அவுக நல்லா எறிஞ்சாக" என்றாள் பாண்டீஸ்வரி. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு பேருக்கும் மாநிலப் போட்டி உண்டு.

இன்று காலை ரேணுகாவால் வரமுடியவில்லை, அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். பாண்டீஸ்வரி தொழுவத்துக்கு வந்து, "கறந்துட்டு வாறீகளா? முனை மொதல்ல குத்துதா, வாலு மொதல்ல விழுகுதான்னு பாக்க ஆள் வேணும்" என்றாள். பால் வண்டிக்காரனைக் கேனோடு நிற்க வைத்துவிட்டுப் போனேன்.

கண்மாய்ப் பக்கத்துக் கோடு ஓரமாக என்னை நிறுத்தினாள். "அங்குட்டே நில்லுங்க. நகராதீக. ஒங்க மேல விழாது" என்று சொல்லிவிட்டு எதிர்முனைக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் அவள் ஒரு விரல் உயரம்தான். அக்கா, எனக்கு யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிப் பழக்கமில்லை. கூரான இரும்பு அது. எறிகிறவள் மேல் நான் எத்தனை வருஷமாக என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன் என்பது எறிகிறவளுக்குத் தெரியும்.

அவள் ஓடி வந்தாள். கையை விட்டதும் எதிர்வெயிலில் ஈட்டி மறைந்துவிட்டது. எங்கே வருகிறதென்று தெரியவில்லை. கால் ஓடச் சொன்னது.

நான் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி
முத்தரசு